மூடி திறக்காத ஆரஞ்சுப் போத்தல்

என் மகனுக்கு,

நேரில் பேச ஆரம்பித்தால் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறாய். தொலைபேசியில் என்றால் "சரிம்மா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தையும் பாதியில் மடித்து வைக்கலாம் என்பது எனக்குத் தெரியும். உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்றும் தெரியும், உன் அப்பாவின் பக்கத்திலிருந்து இல்லை. ஆனாலும் கடைசி வரைக்கும் படி. போன வாரம் நான் காப்பாருக்குப் போய்வந்தேன். உன் பழைய கூட்டாளி குணாவின் வீட்டுக்குத்தான். போகவே கூடாது என்று நீ என்னிடம் சொல்லியிருந்த அதே வீட்டுக்கு.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். கோயிலில் தாலி, பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, அவ்வளவுதான், விருந்து கிடையாது என்று சொல்லிவிட்டாய். ஒரே பிள்ளையின் கல்யாணத்தில் வந்தவர்களுக்கு ஒரு வாய்ச் சோறு போடாமல் அனுப்புகிறாளே என்று பிரிக்ஃபீல்ட்ஸில் சொந்தக்காரர்கள் என்னைக் கிழித்துத் தொங்கப்போடுகிறார்கள். போடட்டும், அவர்களுக்கும் பொழுது போகவேண்டாமா? எனக்குக் காரணம் தெரியும். மாப்பிள்ளை இலையில் எதைத் தொட்டார், எதை ஒதுக்கினார் என்று ஊரே பார்க்க உட்கார்ந்து சாப்பிட உன்னால் முடியாது. பத்து வருடத்துக்கு மேலாக நீ யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் உன் தொழிற்சாலைக்கு வெளியே, மரத்தடியில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, நான் கொடுத்தனுப்பும் சோற்றைத் தனியாகச் சாப்பிடுகிறாய். இதை நீ என்னிடம் சொன்னதில்லை. சாந்தி சொன்னாள்.

உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற சாந்தி இரண்டு வாரத்துக்கு முன் தனியாக என்னைப் பார்க்க வந்தாள். வந்து உட்கார்ந்ததுமே அழுகை. "ஆன்டி, அவரு எங்க வீட்டுக்கு வந்தா ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குறாரு. கேட்டா கேஸ்திரிக்னு சொல்றாரு. எங்கம்மா ராத்திரி எல்லாம் தூங்கல. நாங்க ரப்பர் தோட்டத்துல இருந்து வந்தவங்கன்னு மட்டமா நெனைக்கிறாரா ஆன்டி?" என்று கேட்டாள். நான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன். உன் நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைத் தாலி கட்டப்போகிறவளிடம்கூட நீ சொல்லவில்லை. கேஸ்திரிக்காம், வயிற்றுப் புண்ணாம்! இந்த ஊரில் வேலைக்கு மட்டம் போடுகிறவன் எல்லாம் சொல்வது அதுதான். நானே சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அது உன் வாயிலிருந்து வரவேண்டியது என்று விழுங்கிக்கொண்டேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் வகுப்புப் பிள்ளைகளைவிட ஒரு தலை குள்ளம். வயிறு மட்டும் பானை. கை கால் எல்லாம் குச்சி. பூச்சி மருந்து, டானிக், சிவன் கோயில் விபூதி, சீன மருந்துக்கடைக் கஷாயம், எதையும் விடவில்லை. உடம்பு தேறட்டும் என்று காலையில் கோதுமைக் கஞ்சி, மாலையில் சப்பாத்தி என்று நானே உட்கார்ந்து ஊட்டினேன். எதைத் தின்று நீ தேய்ந்தாயோ அதையே இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி என்று திணித்திருக்கிறேன். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர் உன் குடலில் துளியூண்டு எடுத்துப் பார்த்துவிட்டு, சீலியாக் நோய் என்றார். கோதுமை, பார்லி, அந்த வகைத் தானியம் எதுவும் ஆயுள் முழுக்க ஆகாது, மருந்தும் கிடையாது, சாப்பாடுதான் மருந்து என்றார். உன் அப்பா நிம்மதியாகச் சிரித்தார். "கோதுமைதானே? சோறு தின்னுற சனத்துக்கு என்ன கவலை?" என்றார். அவருக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் என்ன தெரியும்? கிச்சாப் என்கிற கறுப்புச் சோயா சாஸில் கோதுமை இருந்தது. கடையில் வாங்கும் பெருங்காயத்தில் மாவு கலந்திருந்தது. மைதாவில் ரொட்டி சானாய் போட்ட அதே கல்லில்தான் தோசையும் வார்த்தார்கள். சோறு தின்னுற சனத்தின் ஒவ்வொரு சட்டியிலும் கோதுமை ஒளிந்திருந்தது.

வீட்டுக்குள் எப்படியோ சமாளித்துவிட்டோம். நீ வளர்ந்து கூட்டாளிகளோடு வெளியே போக ஆரம்பித்ததும்தான் எனக்குக் கவலை தொடங்கியது. இந்த நாட்டில் சிநேகிதம் என்றாலே சாப்பாடு. பந்து விளையாடினால் சாப்பாடு, டியூஷன் விட்டால் சாப்பாடு, படம் பார்த்தால் சாப்பாடு. வழியில் பார்த்தால் "பசியாறியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். உன்னை வீட்டிலேயே பூட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் தெரிந்ததை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கூட்டம் சேருவதற்கு முன்னால் போ, கூட்டத்தில் யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள். கோதுமை இருக்கா என்று கேட்காதே, இல்லை என்றுதான் சொல்வார்கள். என்னென்ன போட்டீங்க என்று கேள். பொரித்த சாமான் வேண்டாம், எந்த எண்ணெயில் எதைப் பொரித்தார்களோ. சாம்பாரை விட்டுவிட்டுத் தயிர் கேள். எதிலும் சந்தேகமாக இருந்தால் ஒரே வழி, மூடி திறக்காத போத்தல் தண்ணியும் தோல் உரிக்காத வாழைப்பழமும். அதில் யாரும் எதையும் கலக்க முடியாது.

அந்தக் கடைசி விதி மட்டும் டாக்டர் சொன்னது இல்லை, என்னுடையது. யோசித்துக் கண்டுபிடித்ததும் இல்லை, தானாகவே வாயில் வந்தது. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதுகிற உத்தியோகம், தொழிலாளிகளுக்கு மேலே. அவர்களுடைய லயத்து வீடுகளில் கல்யாணம், காதுகுத்து என்றால் எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்களும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவோம். ஆனால் அவர்கள் சமைத்ததைத் தொட மாட்டோம். அவர்களும் அதைத் தெரிந்துகொண்டு, ஒரு தட்டில் ஆரஞ்சுச் சோடாப் போத்தலும் வாழைப்பழமும் கொண்டுவந்து நீட்டுவார்கள். சாப்பிடச் சொன்னால் "வயிறு சரியில்லை" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்கு அந்த ஆரஞ்சு அவ்வளவு பிடிக்கும். அதற்காகவே யாருக்காவது கல்யாணம் வராதா என்று காத்திருப்பேன். அதே தட்டைத்தான் உன் கையில் கொடுத்து, இது பாதுகாப்பு என்று சொல்லி உன்னை வெளியே அனுப்பியிருக்கிறேன். அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை.

குணா மட்டும் இல்லையென்றால் நீ அந்த வயதில் வெளியே சாப்பிட்டிருக்கவே மாட்டாய். காப்பார்ப் பையன், அப்பா லோரி ஓட்டுகிறவர், பிரிக்ஃபீல்ட்ஸில் மாமா வீட்டில் தங்கி உன்னோடு படித்தான். நம் வீட்டில் ஆமா என்பதற்கு "ஓம்" என்று பேசுவதைக் கேட்டுவிட்டு, "ஓம் ஆன்டி, ஓம் ஆன்டி" என்று என்னைக் கிண்டல் செய்கிற வாய். உனக்கு வாய் திறந்து கேட்க வெட்கம். அவனுக்கு வெட்கம் என்றால் என்னவென்றே தெரியாது. சாலையோரத்து ஒட்டுக்கடையில் போய் நின்றதும் அவன்தான் உனக்கு வக்கீல். "அண்ணே, இவனுக்கு ஒரு தோசை. ரொட்டி போட்ட கல்லுல வேணாம், வேற கல்ல நல்லா தேச்சிட்டு ஊத்துங்க. கோதுமை பட்டா நேரா ஆஸ்பத்திரிதான்." கடைக்காரர், "என்ன தம்பி, இத்தன வருஷம் கடை வெச்சிருக்கேன், இப்படி ஒரு வியாதி கேட்டதே இல்ல லா" என்றாராம். "இப்பக் கேட்டுட்டீங்கல்ல, தேய்ங்க" என்றானாம் குணா. நீ வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டிச் சிரித்தாய். பங்சாரில், கிள்ளானில், எங்கே போனாலும் நீ, குணா, ஃபைசால் மூன்று பேரும்தான். ஃபைசாலுக்கு ஹலால் பார்க்கவேண்டும். அதைக் கேட்டு யாரும் முகம் சுளித்ததில்லை, அதன் பெயர் எல்லோருக்கும் தெரியும். உன் காரணத்துக்குத்தான் யாருக்கும் தெரிந்த பெயர் இல்லை.

பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம், ஐந்தாம் படிவம் படிக்கும்போது தீபாவளிக்குக் குணா வீட்டுக்குப் போனாய். அங்கே நடந்ததை நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். அப்புறம் கேட்டாலும் சொன்னதில்லை. எனக்கு அந்த ஒரு தடவையே போதும். குணாவின் அம்மா உனக்கென்று தனியாகச் சமைத்திருந்தாள். கோதுமை சேர்க்காதே என்று மகன் சொன்னதைக் கேட்டு, காரணம் புரியாமலே, விடியற்காலையில் எழுந்து தனிச் சட்டியில் கோழிப் பிரட்டல் செய்திருந்தாள். அது பளபளவென்று கறுப்பாக இருந்தது. என்னென்ன போட்டீங்க என்று நீ நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே கேட்டாய். "கோதுமையே கிடையாது தம்பி. கோழி, மசாலா, கொஞ்சம் கிச்சாப். அவ்ளோதான்" என்றாள். கிச்சாப்பில் கோதுமை இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நீயும் அதைச் சொல்லி அவள் மனதை நோகடிக்க விரும்பவில்லை. "வேணாம் ஆன்டி, ஒரு போத்தல் தண்ணி போதும். வாழைப்பழம் இருந்தா ஒண்ணு குடுங்க" என்றாய்.

அவள் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டாள் என்று சொன்னாய். பிறகு உள்ளே போய் ஒரு தட்டில் ஆரஞ்சுப் போத்தலும் பழமும் வைத்துக் கொண்டுவந்தாள். "தம்பி, உங்க தாத்தா யாரு, கிராணியா?" என்று கேட்டாள். நீ ஒன்றும் அறியாமல், "ஆமா ஆன்டி, எப்படித் தெரியும்?" என்றாய். "அதான்" என்றாள் அவள். குணா பதறிப்போய், "ம்மா, அவனுக்கு நெசமாவே உடம்புக்கு ஆகாதும்மா" என்றான். அதற்கு அவள், "தெரியும்டா. எங்க தோட்டத்துக் கிராணியம்மாவுக்கும் எங்க வீட்டுக்கு வந்தா மட்டும் வயிறு சரியில்லாமப் போயிடும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள் என்றாய். பக்கத்தில் ஃபைசால், கோழி எங்கே வாங்கியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நீ போத்தலைத் தள்ளி வைத்துவிட்டு இலையை இழுத்துக்கொண்டாய். கோழியைச் சாப்பிட்டாய். மைதாவில் செய்த சோமாஸ் என்று தெரிந்தே அதையும் எடுத்தாய். "டேய், வேணாம்டா" என்று குணா கையைப் பிடித்தான். நீ உதறிவிட்டு, அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒன்று விடாமல் தின்றாய்.

கிள்ளானுக்கு வரும் பஸ்ஸிலேயே வாந்தி ஆரம்பித்துவிட்டது. ஃபைசால் உன்னைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்து சேர்த்தான். மருந்து ஊசி, டிரிப், அப்புறம் எழும்ப முடியாமல் பரீட்சைக்குப் போன கதை எல்லாம் உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. குணா போன் செய்தபோது நான்தான் எடுத்தேன். "இனிமேல் அவனைச் சாப்பிடக் கூப்பிடாதே. உங்கட வீட்டிலயும் வேண்டாம், கடையிலயும் வேண்டாம்" என்றேன். பெற்ற வயிறு எரிந்த எரிச்சலில் சொன்னேன். "சரி ஆன்டி" என்றான். ஓம் ஆன்டி என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. நீயும் அவனைத் தேடிப் போகவில்லை. உண்மையைச் சொன்னாலும் பொய் மாதிரித்தான் கேட்கும் என்று அன்றைக்கு நீ முடிவுகட்டிவிட்டாய். அதனால்தான் இப்போது சாந்தி வீட்டில் பொய்யையே சொல்லிவிட்டுப் போகிறாய் என்று நினைக்கிறேன்.

சாந்தி அழுதுவிட்டுப் போன பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குணாவின் அம்மாவைப் பார்த்து, எல்லாவற்றையும் சொல்லி, கல்யாணத்துக்குக் கூப்பிடவேண்டும் என்று தோன்றியது. அவள் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் உன் மனதில் இருக்கிற அந்தக் கட்டி கரைந்துவிடும், நீயும் விருந்துக்குச் சம்மதிப்பாய் என்று கிழட்டு மூளை கணக்குப் போட்டது. கிள்ளான் வரைக்கும் பஸ், அங்கிருந்து டாக்சி. எண்ணெய்ச் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி, மின்நிலையத்துப் புகைபோக்கி தெரியும் வரைக்கும் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. உங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தும், என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்கம்மா, உள்ள வாங்க" என்று நாற்காலி போட்டு, காற்றாடியைத் திருப்பிவிட்டாள். குணா ஜொகூரில் வேலையாக இருக்கிறானாம், இரண்டு பிள்ளைகளாம்.

நான் பேசினேன். இவ்வளவு பேச்சை நான் என் வாழ்நாளில் யாரிடமும் பேசியதில்லை. நோயின் பெயரைச் சொன்னேன், குடலில் எடுத்துப் பார்த்ததைச் சொன்னேன், கிச்சாப்பில் கோதுமை இருப்பதைச் சொன்னேன், நீ டிரிப் போட்டுக் கிடந்ததைச் சொன்னேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "அவ்ளோ கஷ்டத்தோடவா அந்தப் புள்ள சோமாஸத் தின்னுச்சு?" என்று கேட்கும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "குணா அப்பவே தலைப்பாடா அடிச்சிக்கிட்டாம்மா. நாந்தான் நம்பல. பாவி, என் கையால குடுத்தனே" என்று விம்மினாள். நானும் அழுதேன். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கிய மாதிரி இருந்தது. அடுப்பங்கரையிலிருந்து இஞ்சித் தேநீரின் வாசம் வந்தது. அந்த வெயிலில் வந்ததற்கு எனக்கு நல்ல தாகம். அவள் கையால் ஒரு தே குடிக்கவேண்டும், ஏதாவது பலகாரம் வைத்தால் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தாள். மூடி திறக்காத ஆரஞ்சுப் போத்தல், அதைத் திறக்கும் கருவி, தோல் உரிக்காத ஒரு வாழைப்பழம்.

குத்திக்காட்டச் செய்யவில்லை, மகனே. முகத்தில் அன்புதான் இருந்தது. மரியாதைக்குத்தான் செய்தாள். உன்னைப் பற்றி நான் சொன்னதை எல்லாம் நம்பினாள். என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது வேறு, அது பொய்யும் இல்லை. "எனக்குத் தே தாங்கோ. எனக்கு ஒரு நோயும் இல்லை, நான் எல்லாம் சாப்பிடுவன்" என்றேன். கெஞ்சுகிற மாதிரித்தான் கேட்டேன். "பரவால்லம்மா, எங்களுக்காக கஷ்டப்படாதீங்க. உங்களுக்குன்னுதான் பக்கத்து வீட்டுப் பையன விட்டு கடைல வாங்கியாரச் சொன்னேன்" என்று சொல்லி, அவளே மூடியைத் திறந்து கையில் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்ய? பழத்தையும் உரித்துத் தின்றேன். கல்யாணத்துக்குக் கூப்பிட்டதற்கு, "கண்டிப்பா வரோம்மா, குணாகிட்டயும் சொல்றேன். வந்து வாழ்த்திட்டுப் போயிடறோம், சாப்பாட்டுக்கு மட்டும் நிக்க மாட்டோம், தப்பா நினைக்காதீங்க" என்றாள். சாப்பாடே கிடையாது என்றேன். "அப்படியா? அதுவும் நல்லதுதாம்மா" என்றாள். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள்.

ஆகவே விருந்து வேண்டும் என்று இனிமேல் உன்னை நச்சரிக்க மாட்டேன். நீ கேட்டபடியே ஆகட்டும். பெற்றவள் எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்கவேண்டும் என்பார்கள். என்னிடம் இருந்த புத்திமதி எல்லாம் அந்தத் தட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. சாந்தியின் அம்மாவிடம் அந்த நோயின் பெயரைச் சொல், அவள் வீட்டுச் சமையல்கட்டுக்குள்ளேயே போய் நின்று சொல், அவள் நம்பும் வரைக்கும் சொல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத எனக்குத் துணிவு இல்லை. காப்பாரில் சொல்லிவிட்டுத்தானே வந்தேன்? ஆனாலும் சொல்லிவிடு ராசா. சீக்கிரம் சொல்லு.

நேற்று மாலை சாந்தி போன் செய்தாள். குரலில் அழுகை இல்லை, சந்தோஷமாக இருந்தாள். "ஆன்டி, அவருக்கு என்ன ஒத்துக்கும்னு எங்கம்மா கண்டுபிடிச்சிட்டாங்க. போத்தல் தண்ணி குடுத்தா மட்டும் வேணாம்னு சொல்றதில்லையாம். அவருக்காகவே ஒரு பெட்டி ஆரஞ்சுப் போத்தல் வாங்கி வெச்சிருக்காங்க" என்றாள்.

நல்லது பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அம்மா